பதினாலு ‘ஒண்ணுமில்ல’

ஜன்னலோரம் நீங்களே உக்காருங்க சார். எனக்கு எதிர்க்காத்து ஆவாது. இந்தக் கவரை மட்டும் ரவ மடியில நீட்டி வெச்சுக்கறேன், உங்க முட்டியில இடிச்சா சொல்லுங்க. மடங்கக்கூடாது. இது மடங்கிச்சுன்னா எங்கூட்டுக்காரி என்னை மடக்கி பரண்ல போட்டுடுவா. எக்ஸ்ரே சார். நெஞ்சு போட்டோ.

வேலூர் பஸ்ஸுதானே? நல்லது. பெரிய ஆஸ்பத்திரி ஸ்டாப்பு வந்தா ஒரு குரல் குடுங்க. கண்டக்டருகிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன், ஆனா அந்தாளு போன்ல மாமியாரோட சண்டை போட்டுக்கினு இருக்காரு, நம்ப முடியாது.

அது இன்னா சார் விரல்ல கட்டு? இம்மாம் பெருசா சுத்தி, ரத்தம் வேற ஊறியிருக்குது. இன்னா ஆச்சு?

ஒண்ணுமில்லையா?

சார், கையெடுத்துக் கும்பிடறேன். வேற எந்த வார்த்தை வேணும்னாலும் சொல்லுங்க. ‘உனக்கு இன்னாய்யா, உன் வேலையப் பாரு’ன்னு கூட சொல்லுங்க, கோவிச்சுக்க மாட்டேன். அந்த ஒரு வார்த்தை மட்டும் வேணாம். அந்த வார்த்தையாலதான் என் உத்தியோகம் போச்சு. ஒரு கேடயம் போச்சு. ஒரு சுவர்க்கடியாரம் போச்சு. இன்னிக்கு இந்த பஸ்ஸுல இந்தக் கவரோட நான் உக்காந்திருக்கறதும் அந்த வார்த்தையாலதான். எங்கூட்டுக்காரி ராஜாமணி வாசல்ல நின்னு சத்தியம் வாங்கிக்கினு அனுப்பிச்சிருக்கா. ‘டாக்டர் இன்னா செய்யுதுன்னு கேட்டா, செய்யறத சொல்லணும். ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டு வந்தே, இந்த வீட்டுல உனக்கும் ஒண்ணுமில்ல.’ இதுக்கு முன்னால ரெண்டு தடவ எங்க ஊர் டாக்டருகிட்ட போனேன். ரெண்டு தடவையும் அந்த வார்த்தைதான் வாயில வந்துச்சு. அவரு சத்து மாத்திரை எழுதிக் குடுத்து அனுப்பிட்டாரு. அவரு மேல தப்பு சொல்ல முடியாது. இந்த எக்ஸ்ரே கூட ராஜாமணி அவருகிட்ட போயி சண்டை போட்டு எடுக்க வெச்சது.

இருங்க... ஒரு நிமிஷம்... இருமல் இல்ல சார். பஸ் தூசி.

என் பேரு தேசிங்கு. மஞ்சக்கல் தங்கச் சுரங்கம்னு கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. மூடி இருபத்தஞ்சு வருஷம் ஆவுது. இப்ப அங்க போனீங்கன்னா ஆடுங்கதான் ஷிப்டு பாக்குது. நான் வேலைக்கு இருந்தப்போ ஆயிரத்து ஐந்நூறு பேரு. கூண்டுல ஏத்திக் கீழ விடுவாங்க. கெணத்துல வாளிய விடற மாதிரி விர்ர்ருனு போவும், வயிறு மட்டும் மேலயே நின்னுடும். நான் மொதல்ல தொட்டி தள்ளினேன். வெட்டின கல்லை தொட்டியில ரொப்பி, தண்டவாளத்து மேல தள்ளிக்கினு வரணும். எட்டு வருஷம். அப்பால, எட்டாங்கிளாஸ் படிச்சவன், கையெழுத்து முத்து முத்தா இருக்குதுன்னு என்னை முதலுதவிக்காரனா போட்டாங்க. பூமிக்குக் கீழ ரெண்டாயிரம் அடியில எனக்குன்னு ஒரு பெஞ்சு, ஒரு வெள்ளைப் பெட்டி, டிங்சர், பஞ்சு, கட்டுத்துணி. அதோட ஒரு புக்கு. காயப் புக்கு.

அந்தப் புக்குல மூணு கட்டம். ஆளு பேரு, இன்னா நடந்துச்சு, இன்னா காயம். அடிபட்டு எவன் வந்தாலும் நான் கேக்கணும், அவன் சொல்லணும், நான் எழுதணும். மேல ஆபீஸ்ல குலசேகரம்னு ஒரு கிளார்க்கு. மாசக் கடைசியில அவரு அத்த இங்கிலீஷ்ல மாத்தி அனுப்புவாரு. இவ்ளோதான் வேலை. இதுல தப்பு நடக்கறதுக்கு எதுனா சந்து இருக்குதா, நீங்களே சொல்லுங்க.

இப்ப ஒரு விஷயம் சொல்லணும். இத்த புரிஞ்சுக்கினாத்தான் மிச்சம் புரியும்.

கீழ சில நாளு பாறை உறுமும். ஏன் உறுமுதுன்னு இன்ஜினீருங்க படம் போட்டு சொல்லுவாங்க. எங்களுக்குத் தெரிஞ்சது, அது உறுமினா மேலேர்ந்து எதுனா விழும். லைட்டு அவிஞ்சுடும். தூசி மூக்கு வாயெல்லாம் அடைச்சுக்கும். பக்கத்துல நிக்கறவன் இருக்கானா போயிட்டானான்னு தெரியாது. அப்போ எங்க மேஸ்திரி ஆசீர்வாதம் ஒரு குரல் விடுவாரு, ‘இன்னா?’ அவ்ளோதான். இருட்டுக்குள்ளேர்ந்து ஒவ்வொருத்தனா பதில் சொல்லணும். ‘ஒண்ணுமில்ல.’ அந்தாண்ட மூலையிலேர்ந்து ‘ஒண்ணுமில்ல.’ தொட்டிக்குப் பின்னாலேர்ந்து ‘ஒண்ணுமில்ல.’ ஆசீர்வாதம் விரல் விட்டு எண்ணிக்கினே வருவாரு. பதினாலு பேரு எறங்கியிருந்தா பதினாலு ‘ஒண்ணுமில்ல’ வரணும். ஒரு தடவ பதிமூணு வந்துச்சு. ரெண்டாவது தடவ எண்ணினாரு. அப்பவும் பதிமூணு.

அத்த விடுங்க. சிரிச்சுக்கினு போற வழியில அது எதுக்கு.

விஷயம் இன்னான்னா, எங்க ஆளுங்களுக்கு ‘ஒண்ணுமில்ல’ன்னா ‘உசுரோட இருக்கேன்’னு அர்த்தம். காலு ஒடிஞ்சவனும் ஒண்ணுமில்லைம்பான். மண்டை ஒடைஞ்சவனும் அதேதான். பொய்யில்ல சார். கேட்ட கேள்விக்கு சரியான பதிலு அது. பழக்கம் எப்படி ஆயிடுச்சுன்னா, மேல வந்தும் அதேதான். பொண்டாட்டி ‘சம்பளம் இன்னாய்யா ஆச்சு’ன்னு கேட்டாலும் ஒண்ணுமில்ல. அது சில பேருக்கு உண்மையாவும் இருந்துச்சு, சாராயக் கடை வழியா வந்தவனுங்களுக்கு.

நான் பெஞ்சுல உக்காந்து காயப் புக்கைத் தொறப்பேன். சவுரின்னு ஒருத்தன் நொண்டிக்கினு வருவான். தொட்டிச் சக்கரம் ஏறி கால் கட்டைவிரல் நகம் போயிருக்கும். ‘இன்னா ஆச்சு சவுரி?’ ‘ஒண்ணுமில்லண்ணே.’ நான் எழுதுவேன். சவுரி. ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை. நல்ல தமிழ்ல, புள்ளி வெச்சு. முனிரத்தினம் ஏணியிலேர்ந்து வழுக்கி, படியில மோவாய் மோதி முன்பல்லு ரெண்டு போச்சு. பல்லைக் கையில வெச்சுக்கினு வந்து நிக்கிறான். ‘இன்னா முனிரத்தினம்?’ ‘ஒந்நுமில்ல.’ பல்லு இல்லாம அப்படித்தான் வந்துச்சு. அவன் சொன்ன மாதிரியே எழுதலாமான்னு ஒரு நொடி யோசிச்சேன். அப்பால எழுத்துப் பிழையாயிடுமேன்னு திருத்தி எழுதினேன். டிங்சர் வெச்சேன், கட்டு போட்டேன், முதுகுல தட்டி அனுப்பினேன். என் கட்டு மாதிரி வராது சார். உங்க விரல்ல எவனோ கட்டியிருக்கானே, இது கட்டா? பூரிக்கு மாவு பிசைஞ்சு ஒட்டின மாதிரி இருக்குது.

எழுதறவன் சொல்றத எழுதணும். கைய வெச்சுக்கினு சொந்தமா சேத்து எழுதினா அது கதை. நான் கதை எழுதல. இத்த அன்னிக்கும் சொன்னேன், இன்னிக்கும் சொல்றேன்.

மேல குலசேகரம் ‘ஒன்றுமில்லை’ய இங்கிலீஷ்ல ‘நில்’னு போடுவாரு, காயம் சைபர்னு அர்த்தம். நில், நில், நில்லுனு மூணு பக்கம். அந்த மாதிரி சமயத்துலதான் கம்பெனியில பாதுகாப்பு வாரம்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. ஆறு சாப்டு இருக்குது, சாப்டுன்னா கூண்டு எறங்கற குழி, எந்த சாப்டுல வருஷம் பூரா காயம் கம்மியோ அதுக்கு வெள்ளிக் கேடயம். ஆளுக்கு ஒரு பரிசு. மொத வருஷம் பாத்தா எங்க மூணாம் நம்பர் சாப்டுல காயமே இல்ல! மத்த சாப்டுல நாப்பது, அறுவது. மேனேஜர் தொர என்னைக் கூப்பிட்டு மாலை போட்டாரு. ஆளுக்கு ஒரு எவர்சில்வர் தூக்கு. ரெண்டாவது வருஷமும் நாங்கதான். எவர்சில்வர் சம்படம். தொடர்ந்து மூணாவது வருஷமும் ஜெயிச்சா கேடயம் எங்க சாப்டுக்கே சொந்தம், ஆளுக்கு ஒரு சுவர்க்கடியாரம்னு சொன்னாங்க. நான் அன்னிக்கு சாயங்காலமே வீட்டுச் சுவத்துல ஆணி அடிச்சுட்டேன். ராஜாமணி கேட்டா, ‘கடியாரம் எங்க?’ ‘வரும்’னேன்.

அந்த ஆணி இன்னும் அங்கயே இருக்குது சார். இந்த எக்ஸ்ரே கவரை ஒரு வாரமா அதுலதான் மாட்டி வெச்சிருந்தா.

இருங்க... தண்ணி வேணாம் சார், நீங்களே குடிங்க. தூசிதான். இந்த முன் சீட்டு அம்மா ஜன்னலை சாத்த மாட்டேங்குது.

மூணாவது வருஷம் பாதியில புதுசா ஒரு பாதுகாப்பு ஆபீசர் வந்தாரு. வரதராஜுலு. ஒல்லியா, கண்ணாடி போட்டுக்கினு, சுரங்கத்துக்குள்ளயும் குடையோட வருவாரு. மேலேர்ந்து தண்ணி சொட்டும் இல்ல, அதுக்கு. மனுஷன் சத்தம் போட மாட்டாரு. சத்தம் போடறவனை சமாளிச்சுடலாம். இவரு கேள்வி கேப்பாரு. ஒரு நாளு என் பெஞ்சுல வந்து உக்காந்து காயப் புக்கைப் பொரட்டினாரு. பெட்டியத் தொறந்து பாத்தாரு.

‘ஏம்ப்பா தேசிங்கு, இந்த சாப்டுல ரெண்டு வருஷமா யாருக்கும் காயமில்ல.’

‘ஆமாங்க சார்.’

‘ஆனா மாசம் நாப்பது சுருளு கட்டுத்துணி வாங்கியிருக்கே. பன்னெண்டு பாட்டிலு டிங்சர்.’

‘ஆமாங்க சார்.’

‘டிங்சரை இன்னா, மோருல ஊத்திக் குடிக்கிறீங்களா?’

நான் இன்னா சொல்லுவேன்? ‘ஒண்ணுமில்லாத ஆளுங்களுக்கு வெச்சுக் கட்டினேன் சார்’னு உண்மையத்தான் சொன்னேன். அவரு கண்ணாடியக் கழட்டித் தொடைச்சாரு. குடைய விரிச்சுக்கினு போயிட்டாரு. முழுப் பூசணிக்காய சோத்துல மறைக்கறேன்னு நெனச்சுட்டாரு போல. நான் எங்க சார் மறைச்சேன்? பூசணிக்காயே ‘நான் இங்க இல்ல’ன்னு சொல்லுது, நான் இன்னா செய்யறது.

இப்ப எங்க மச்சான் கதைக்கு வர்றேன். ராஜாமணியோட தம்பி, கன்னியப்பன். அவளுக்கு அப்பா அம்மா இல்ல, அவனை அவதான் வளத்தா. கல்யாணம் ஆயி ரெண்டு புள்ளைங்க பொறந்தப்புறமும் அவனுக்கு தலைவலின்னா இவ சோறு துன்ன மாட்டா. அவனை நான்தான் எங்க சாப்டுல சேத்துவிட்டேன். ‘என் கண்ணு முன்னாலயே இருப்பான், நான் பாத்துக்கறேன்’னு அவளுக்கு வாக்கு குடுத்தேன். பாத்துக்கவும் செஞ்சேன்.

வருஷம் முடிய பத்து நாளு. அன்னிக்கு பாறை லேசா ஒரு மொணகு மொணகிச்சு. மொணகல்தான், உறுமல் கூட இல்ல. மேலேர்ந்து ஒரு பலகைக் கல்லு கழண்டு கன்னியப்பன் தோள்ல விழுந்துச்சு. லைட்டு அவிஞ்சுது. ‘இன்னா?’ன்னு ஆசீர்வாதம். ஒவ்வொருத்தனா வருது. பதினொண்ணு, பன்னெண்டு, பதிமூணு. அப்பால ஒரு அமைதி. சார், அந்த அமைதியில எனக்கு ராஜாமணி மூஞ்சி தெரிஞ்சுது. ‘மச்சான்!’னு கத்தறேன். அப்போ கீழ தரையிலேர்ந்து மெதுவா, ‘ஒண்ணுமில்ல மாமா.’

நான் அழுதுட்டேன் சார். இருட்டுதானே, எவனும் பாக்கல. அந்த வார்த்தைய மாதிரி இனிப்பான வார்த்தை நான் கேட்டதே இல்ல.

பெஞ்சுக்குக் கூட்டியாந்து துணிய கழுத்துல மாட்டி கைய தொங்கவிட்டேன். தோளுக்கிட்ட ஒரு எலும்பு கோழிக்கழுத்து மாதிரி எழும்பி நிக்குது. தொட்டா பல்லைக் கடிக்கிறான். ‘இன்னாடா செய்யுது?’ ‘ஒண்ணுமில்ல மாமா.’ புக்கைத் தொறந்தேன். எழுதினேன்.

அவனா கேட்டான், ‘மாமா, மேல ஆஸ்பத்திரிக்குப் போவட்டுமா?’ன்னு. நான் போவாதேன்னு சொல்லல சார். சத்தியமா சொல்லல. ‘இன்னும் பத்து நாள்தானே’ன்னு மட்டும்தான் சொன்னேன். அவனே புரிஞ்சுக்கினான். அவனும் வீட்டுல ஆணி அடிச்சு வெச்சிருந்தான். பத்து நாளும் ஷிப்டுக்கு வந்தான், தொட்டிக்குப் பின்னால உக்காந்தான், அவன் பங்கை நாங்க பதிமூணு பேரும் தள்ளினோம். அந்த ஒத்துமைய எங்க பாக்கப் போறீங்க இந்தக் காலத்துல?

விழா நாளு. பந்தலு, மைக்செட்டு, பாண்டு வாத்தியம். எல்லார் வீட்டுப் பொம்பளைங்களும் வந்திருக்காங்க. ராஜாமணி மொத வரிசை. மேனேஜர் தொர மேடையில நிக்கறாரு. கேடயம்னா சின்னது இல்ல சார், தேக்குப் பலகையில வெள்ளித் தகடு, அரை மூட்டை அரிசி கனம். சாப்டு சார்பா ஒரு தொழிலாளி மேடைக்கு வந்து வாங்கணும், ரெண்டு கையால தலைக்கு மேல தூக்கிக் காட்டணும், போட்டோ எடுப்பாங்க. யாரை அனுப்பலாம்னு ஆசீர்வாதம் என்னைக் கேட்டாரு. நான் சொன்னேன், ‘நம்ம கன்னியப்பன் போவட்டுமே.’

ஏன் சார் அப்படிப் பாக்கறீங்க? மச்சான் போட்டோவுல வந்தா ராஜாமணி சந்தோஷப்படுவாளேன்னுதான். தோளா? புக்குல ‘ஒன்றுமில்லை’ன்னு என் கையாலயே எழுதியிருக்கேன், அப்பால எனக்கு எப்படி சார் ஞாபகம் இருக்கும்?

கன்னியப்பன் மேடை ஏறினான். தொர கேடயத்தைக் குடுத்தாரு. இடுப்பு வரைக்கும் தூக்கிட்டான். போட்டோக்காரன், ‘மேல, இன்னும் மேல’ங்கறான். இவன் வலது கை ஏறுது, இடது கை ஏறல. மூஞ்சி சுண்ணாம்பாட்டம் வெளுத்துடுச்சு. கேடயம் சாஞ்சுது. சாஞ்சு, வழுக்கி, நேரா போயி மேனேஜர் தொர பூட்ஸு மேல விழுந்துச்சு பாருங்க, பாண்டு வாத்தியத்துல பெரிய மேளம் அடிச்சாப்புல ஒரு சத்தம்.

பந்தலே மூச்சு விடல. தொர ஒரு காலைத் தூக்கிக்கினு கொக்கு மாதிரி நிக்கறாரு. அந்த அமைதியில, பழக்க தோஷம் சார், மொத வரிசையிலேர்ந்து ஆசீர்வாதம் தன்னை மறந்து கத்திட்டாரு:

‘இன்னா?’

தொர மஞ்சக்கல்லுலயே இருவது வருஷம் இருந்தவரு. கண்ணுல தண்ணி முட்டுது, பல்லைக் கடிச்சுக்கினு சொன்னாரு:

‘ஒண்ணுமில்ல!’

நாங்க பதிமூணு பேரும் எழுந்து நின்னு கைதட்டினோம் சார். தொர எங்க ஆளு ஆயிட்டாருன்னு எங்களுக்கு அவ்ளோ சந்தோஷம்.

வரதராஜுலு மட்டும் தட்டல. மேடைக்குக் கீழ குடையோட நின்னுக்கினு இருந்தவரு, என்கிட்ட வந்தாரு. ‘தேசிங்கு, காயப் புக்கை எடு. எழுது’ன்னாரு. ‘இன்னா சார் எழுதறது?’ ‘நடந்தத எழுதுப்பா.’ எனக்கு நியாயம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான். தொரன்னா ஒரு மாதிரி, தொட்டி தள்றவன்னா ஒரு மாதிரி எழுத மாட்டேன். பெரிய எழுத்துல எழுதினேன். மேனேஜர் தொர. ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை.

அதுக்குள்ள கம்பெனி டாக்டர் மேடை ஏறிட்டாரு. தொர காலைப் பாத்தாரு, ரெண்டு விரலு முறிவு. அப்படியே பக்கத்துல வேத்து விறுவிறுத்து நின்ன கன்னியப்பன் சட்டைய விலக்கிப் பாத்தாரு. காறை எலும்பு ஒடைஞ்சு, பத்து நாளுல கோணல்மாணலா ஒட்ட ஆரம்பிச்சிருக்குது. ‘இத்தோட எப்படிய்யா நடமாடினே?’ன்னு மைக்கு முன்னாலயே கேட்டுட்டாரு. ஊரே கேட்டுச்சு. கன்னியப்பன் சொன்னான், ‘பத்து நாள்தானேன்னு மாமா சொன்னாரு.’

பிள்ளையாரு பிடிக்கக் குரங்கா முடிஞ்சுது. கேடயத்தைத் திருப்பி வாங்கிக்கினாங்க. கடியாரம் கெடையாது. தூக்கும் சம்படமும் கேக்கல, அவ்ளோ நல்ல மனசு. வரதராஜுலு எல்லா சாப்டுலயும் போர்டு எழுதி மாட்டினாரு: ‘காயம் பற்றிக் கேட்டால் ஒண்ணுமில்லை என்று சொல்லக் கூடாது.’ அதுல இன்னா ஆச்சுன்னா, மறு மாசம் பாறை உறுமினப்போ ‘இன்னா?’ன்னு ஆசீர்வாதம் கேக்க, எங்க ஆளுங்க பதினாலு பேரும் இன்னா சொல்றதுன்னு தெரியாம கம்முனு இருந்தானுங்க. மனுஷனுக்கு மாரடைப்பு வராத கொறை. அப்பால போர்டுக்குக் கீழ இன்னொரு வரி சேத்தாங்க, ‘பாறை உறுமினால் சொல்லலாம்.’

என்னைத் திருப்பி தொட்டி தள்ள அனுப்பிட்டாங்க. கல்லுத்தூள் பறக்கற எடத்துக்கு, சுரங்கம் மூடற வரைக்கும். இதுதான் சார் என் கொறை. சொன்னவன் பதினாலு பேரு, எழுதினவன் ஒருத்தன். தண்டனை எழுதினவனுக்கு.

ராஜாமணியா? அந்த மழைக்காலம் பூரா என்கூடப் பேசல. பேசலன்னா, ஒரே ஒரு வார்த்தை பேசுவா. ‘இன்னா கொழம்பு?’ ‘ஒண்ணுமில்ல.’ தொறந்து பாத்தா உண்மையிலயே சட்டியில ஒண்ணும் இருக்காது. ‘இன்னா கோவம்?’ ‘ஒண்ணுமில்ல.’ நாலு மாசம் சார். அப்போதான் தெரிஞ்சுது, அந்த வார்த்தைய கேக்கற பக்கம் உக்காந்தா எப்படி இருக்கும்னு. கன்னியப்பன் இன்னிக்கும் தலை வாரணும்னா சீப்பு மேல போவாது, தலையத்தான் சீப்புக்கிட்ட கொண்டாருவான். என்னைப் பாத்தா சிரிச்சுக்கினே, ‘கடியாரம் மணி இன்னா மாமா?’ம்பான். ஒரு நாளும் அதுக்கு மேல கேட்டதில்ல.

கண்டக்டர் இன்னா சொன்னாரு? அடுத்த ஸ்டாப்பா? அதுக்குள்ளயா?

சார், ஒரு உதவி. கிண்டல் பண்ணாதீங்க. நீங்க ரவ டாக்டரா இருங்க. என்னைக் கேளுங்க, இன்னா செய்யுதுன்னு. ரெண்டு தடவ தோத்தவன் சார், ஒத்திகை பாத்துக்கினு போனா நல்லது. கேளுங்க.

ஒண்ணும்... இல்ல இல்ல, இருங்க. இன்னொரு தடவ கேளுங்க.

தூசி டாக்டர். பஸ் தூசி... சீ. இதுவும் அதுதான். வேஷம் மாத்திக்கினு வருது.

காலையில நான் கொல்லையில இருமினா, ராஜாமணி அடுப்பாண்டேர்ந்து ‘இன்னா?’ம்பா. நான் ‘ஒண்ணுமில்ல’ம்பேன். அவ மறுபடி அடுப்பைப் பாப்பா. இப்படியே ரெண்டு வருஷம். போன மாசம் எழுந்து வந்து என் முன்னால நின்னா. ‘யோவ், உசுரோட இருக்கியான்னா கேட்டேன்? உனக்கு எப்படி இருக்குதுன்னு கேட்டேன்’னா. நாப்பது வருஷமா ஒருத்தரும் என்னை அப்படிக் கேட்டதில்லைன்னு நெனச்சுக்கினு இருந்தேன். அவ தெனமும் அதைத்தான் கேட்டிருக்கா.

கேளுங்க. கடைசியா ஒரு தடவ.

மூச்சு வாங்குது டாக்டர். தெருமுனை பைப்புலேர்ந்து கொடம் தூக்கிக்கினு வந்தா ரெண்டு எடத்துல நிக்கறேன், செருப்பு மாட்டிக்கற மாதிரி பாவலா காட்டி நிக்கறேன். படுத்தா நெஞ்சு மேல அந்தப் பலகைக் கல்லு உக்காந்தாப்புல இருக்குது. துப்பினா சில நாளு ரத்தம் வருது, அவளுக்குத் தெரியாம மண்ணைத் தள்ளி மூடிடறேன். எனக்கு பயமா இருக்குது. அவளை விட்டுட்டு... பயமா இருக்குது.

அப்பால இன்னொண்ணு. பத்து நாள்தானேன்னு சொன்னது நான்தான். ஆஸ்பத்திரிக்குப் போவாதேன்னு அர்த்தம் வெச்சுத்தான் சொன்னேன். இது டாக்டருக்கு வேணாம். உங்களுக்கு மட்டும்.

இதோ, இதோ எறங்கறேம்ப்பா, விசில் ஊதாதே, வயசானவன். கவரைப் புடிங்க சார், மடங்கிடப் போவுது. நீங்க எதுக்கு எழுந்துக்கறீங்க? உங்க ஊரு இன்னும் தள்ளி இல்ல? கூட வர்றீங்களா? ஐயய்யோ, உங்களுக்கு எதுக்கு செரமம். நானே போயிப்பேன், எனக்குத்தான் ஒண்ணு...

வாங்க சார். அந்த விரலையும் காட்டிடலாம்.